முதல் கீமோ: பை அப்புறம், வீடு முதலில்

கேள்வி:

சிஸ்டருக்கு வணக்கம். நாங்கள் கோட்டையூரில் இருக்கிறோம். ஆத்தாவுக்கு வயது 61, பத்து வருஷமாகச் சர்க்கரை. போன மாதம் வலது மார்பில் கட்டி என்று ஆபரேஷன் செய்து, அக்குளிலும் நெறிக்கட்டிகளை எடுத்தார்கள். வருகிற வியாழக்கிழமை மதுரையில் முதல் கீமோ. சீட்டில் அட்ரியாமைசின், சைக்ளோபாஸ்பமைடு என்று எழுதியிருக்கிறது. 21 நாளைக்கு ஒரு தடவையாக நாலு தடவை, அதற்கு அப்புறம் வேறு மருந்தாம். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், ஆத்தாவிடம் நோயின் பெயரைச் சொல்லவே கூடாது என்கிறார். 'கட்டி மறுபடி வராமலிருக்க ட்ரிப்ஸ்' என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். அன்றைக்கு வெறும் வயிற்றில் போக வேண்டுமா? என்னென்ன எடுத்துப் போவது? அன்றே திரும்பிவிடலாமா? முடி கொட்டுமா? விசாரிக்க வருகிறவர்களை என்ன சொல்லி நிறுத்துவது? பெரியாத்தா சொல்லும் நாட்டு மருந்தைக் கூடவே கொடுக்கலாமா? அடுத்த மாதம் அம்மான் வீட்டில் கல்யாணம், ஆத்தா போகாமல் இருக்க மாட்டார். எதையெல்லாம் கேட்க விட்டேன் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பதில் (புற்றுநோய்ப் பிரிவில் கீமோ டே-கேர் வார்டுச் செவிலியர்):

உங்கள் கேள்விகளில் பாதி வியாழக்கிழமையைப் பற்றியவை. அந்த ஒரு நாளை எங்களைப் போன்றவர்களிடம் விட்டுவிடுங்கள். அன்று முழுக்க ஆத்தாவின் பக்கத்தில் நர்ஸ் இருப்பார், கூப்பிடு தூரத்தில் டாக்டர் இருப்பார். நீங்கள் தயாராக வேண்டியது அதற்குப் பிந்தைய இரண்டு வாரங்களுக்கு, அதிலும் ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரைக்கும். அப்போது மருத்துவமனை சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஆத்தா உங்கள் வீட்டில், உங்கள் கையில் இருப்பார். அதனால் பையை அப்புறம் கட்டலாம், முதலில் வீட்டைப் பார்ப்போம்.

இன்றைக்கே மெடிக்கல் ஷாப்பில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். பழையது ஒன்று எங்கேயோ கிடக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். இந்த மருந்து வேகமாகப் பெருகும் செல்களை அடிக்கிறது. புற்றுநோய்ச் செல்லோடு எலும்பு மஜ்ஜை, வாய், குடல், முடிவேர் எல்லாம் சேர்ந்தே அடிவாங்கும். மஜ்ஜை அடிவாங்கினால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கும். அவை மிகக் குறைவாக இருப்பது அந்த இரண்டாவது வாரத்தில்தான். சாதாரணமாகக் கிருமி தொற்றினால் அந்த இடம் வீங்கும், சீழ் பிடிக்கும். அதையெல்லாம் செய்வதே வெள்ளை அணுக்கள் என்பதால், அவை இல்லாத நாட்களில் பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். ஆள் நன்றாகவே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார், சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்துவிடும்.

100.4 டிகிரி ஃபாரன்ஹீட். இந்த எண் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அப்பச்சிக்கும் வேலைக்கு வரும் பெண்ணுக்கும் சேர்த்து. அது வந்துவிட்டால் பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம், காலையில் பார்ப்போம் என்கிற பேச்சே கூடாது. மாத்திரை போட்டால் காய்ச்சல் மறைந்துவிடும், கிருமி அப்படியே இருக்கும். ராத்திரி இரண்டு மணி என்றாலும் மருத்துவமனை கொடுத்திருக்கும் எண்ணைக் கூப்பிடுங்கள். யாரும் எடுக்கவில்லையா, காரைக்குடி அரசு மருத்துவமனைக்கோ பக்கத்தில் 24 மணி நேரமும் டாக்டர் இருக்கிற இடத்துக்கோ கிளம்பிவிடுங்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியம் இதுதான்: 'இவங்களுக்குக் கீமோ போட்டு இன்னைக்கு ஒன்பதாம் நாள், காய்ச்சல் இருக்கு.' சர்க்கரை, ஆபரேஷன் கதையெல்லாம் அப்புறம். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஆன்டிபயாடிக் ஏறிவிட வேண்டும் என்பதுதான் எல்லா இடத்திலும் விதி. முதல் வாக்கியத்தைச் சரியாகச் சொன்னால் வரிசையில் காக்க வைக்க மாட்டார்கள். காய்ச்சல் இல்லாமல் பல் கிட்டுகிற மாதிரி குளிர் நடுக்கம் வந்தாலும், பேச்சு குழறினாலும் இதே கதைதான்.

ராத்திரியில் கூப்பிட்டால் வருகிற டிரைவரிடம் இப்போதே பேசி வையுங்கள். வராவிட்டால் 108 இருக்கிறது. வியாழக்கிழமை மருந்து ஏறி முடிந்ததும் 'ராத்திரியில் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும், எடுப்பது யார்' என்று எங்களிடமே கேட்டு, பெரிய எழுத்தில் எழுதி டெலிபோன் இருக்கும் சுவரில் ஒட்டுங்கள். உங்கள் கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால் நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் அதனால் பயன் இல்லை. மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், எங்காவது ரத்தம் கசிந்தால், ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை என்றால், வயிற்றுப்போக்கு நிற்காமல் போனால் அதே எண்தான்.

அடுத்தது, நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் சொல்லிவிட்டுப் போன விஷயம். ஆத்தாவுக்கு நோயின் பெயர் தெரியாது. உங்கள் அண்ணனுக்கு அம்மா மீது பாசம் இல்லையென்று யார் சொல்வார்கள்? ஆனால் வியாழக்கிழமை காலையில் ஆத்தா 'புற்றுநோய் மருத்துவப் பிரிவு' என்ற பலகைக்குக் கீழேதான் நடந்து வரப்போகிறார். உங்கள் ஆத்தாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்று நினைக்கிறேன். பக்கத்துப் படுக்கையில் இருக்கிறவர் 'உங்களுக்கு எங்கே, மார்பா, கர்ப்பப்பையா?' என்று கேட்பார், வார்டில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். இந்த வழியாகத் தெரிய வருவதைவிட உங்கள் வாயால் தெரிவது நல்லது. எங்கள் அனுபவத்தில் பாதிப்பேருக்கு மேல் ஏற்கெனவே ஊகித்துவிட்டு, பிள்ளைகள் வருத்தப்படுவார்களே என்று தெரியாத மாதிரி இருப்பார்கள். மாடியில் நீங்கள் ஒளித்து வைத்த ரிப்போர்ட் எங்கே இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

பேச்சை நீங்கள் ஆரம்பிக்க வேண்டாம், கேளுங்கள். 'ஆத்தா, உங்களுக்கு என்னன்னு நீங்க நெனக்கிறீங்க?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் சொல்கிற இடத்திலிருந்து தொடருங்கள். பெயரைச் சொன்ன கையோடு, கட்டியை எடுத்தாகிவிட்டது, கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது மிச்சம் இருந்தால் அதற்குத்தான் இந்த மருந்து என்பதையும் சொல்லுங்கள். முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று அவரே சொன்னால் அது வேறு, அதை மதிக்கலாம். அந்த முடிவை சிங்கப்பூரிலிருந்து எடுக்க முடியாது. காய்ச்சல் வந்தால் உடனே சொல்ல வேண்டும், ஊசி ஏறும்போது எரிந்தால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம், இது என்ன மருந்து என்று தெரிந்தவருக்குத்தான் புரியும். ஒரு சத்துக்குளுக்கோஸ் என்று நம்புகிறவர் ஏன் சொல்லப்போகிறார்?

இந்தப் பேச்சை எடுக்கும்போது உங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரையும் நினைத்துக்கொள்ளலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பிறகுதான் இந்த நோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று நின்றார், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. இந்த நோய்க்கு வைத்தியம் பார்ப்பதே வீண் செலவு என்று படித்தவர்களே சொன்ன காலம் அது. இன்றைக்கு உங்கள் ஆத்தா மதுரைக்குப் போய்விட்டு மறுநாள் வீடு திரும்புகிறார்.

சரி, வியாழக்கிழமைக்கு வருவோம். வெறும் வயிற்றில் வரக் கூடாது. காலையில் இட்லியோ இடியாப்பமோ அளவாகச் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எதையும் டாக்டர் நிறுத்தச் சொல்லாத வரை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு வரட்டும். முந்தின நாள் நிறையத் தண்ணீர் குடித்தால் நரம்பு நன்றாகத் தெரியும். ஒன்று மட்டும்: அவருக்கு ரொம்பப் பிடித்த பலகாரம் எதையும் அன்றும் அடுத்த இரண்டு நாளும் செய்துகொடுக்காதீர்கள். கந்தரப்பம் பிடிக்குமென்று ஆசையாகச் சுட்டுக்கொண்டு வந்து, அதைத் தின்ற அன்றைக்குக் குமட்டல் வந்துவிட்டால், மூளை இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். கீமோவெல்லாம் முடிந்த பிறகும் கந்தரப்பத்தைப் பார்த்தாலே குமட்டும்.

பையில் பெரிதாக ஒன்றும் வேண்டாம். எல்லா ரிப்போர்ட்டும் இருக்கிற ஃபைல், எக்கோ என்கிற இதய ஸ்கேன் உட்பட. அட்ரியாமைசின் இதயத்தைத் தொடக்கூடிய மருந்து என்பதால் எக்கோ இல்லாமல் ஆரம்பிக்க மாட்டார்கள். தினமும் போடும் மாத்திரைகள் எல்லாம் அட்டையோடு, தண்ணீர், பிஸ்கட், ஏசிக்கு ஒரு போர்வை, காருக்கு இரண்டு பாலிதீன் கவர். கை தளர்வான ரவிக்கை. இடது கையில் வளையல்கள் இருந்தால் முந்தின ராத்திரியே சோப்புப் போட்டுக் கழற்றி வைத்துவிடுங்கள், வார்டில் வந்து இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம். விரலில் மருதாணி வேண்டாம், ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பு தப்பாகக் காட்டலாம்.

இடது கை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வலது அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருப்பதால் வலது கையில் ஊசியும் கூடாது, பிரஷர் பட்டையும் கூடாது, கை வீங்கிக்கொள்ளலாம். ஃபைலில் எழுதியிருக்கும், எல்லோரும் படிப்பார்கள் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். யார் கையைத் தொட்டாலும் 'வலது கை வேண்டாம்' என்று சொல்ல ஆத்தாவுக்கே பழக்குங்கள்.

வந்ததும் எடை, உயரம் பார்ப்போம், மருந்தின் அளவை அதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் முதலில் வாந்தியை அடக்கும் ஊசிகள் ஏறும். அப்புறம் அட்ரியாமைசின் என்கிற சிவப்பு மருந்து, பெரிய சிரிஞ்சில் ரோஸ்மில்க்கைவிட அடர்ந்த நிறத்தில் இருக்கும். நர்ஸ் கையுறை போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருக்கும் சலைனோடு சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவார். நடுவில் நிறுத்தி நரம்பைப் பார்ப்பார், 'எரியுதா ஆச்சி?' என்று கேட்பார். இங்கேதான் நம் பெண்களோடு எங்களுக்குப் பெரும்பாடு. 'பரவாயில்லம்மா, தாங்கிக்கிறேன்' என்பார்கள். இதைத் தாங்கக் கூடாது. இந்த மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும். சுருக்கென்றாலும் எரிந்தாலும் அந்த நொடியே சொன்னால் நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டியதைச் செய்வோம். ஆத்தாவின் நரம்பு மெலிதாக இருந்தால், நெஞ்சுப்பக்கம் தோலுக்கடியில் வைக்கும் கீமோ போர்ட் வேண்டுமா என்று முதல் தடவையிலேயே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

அது முடிந்து மற்ற மருந்தும் ட்ரிப்ஸில் ஏறி எழுந்திருக்க மொத்தம் மூன்று நாலு மணி நேரம் ஆகும். மருந்து ஏறும்போது வலி என்று பெரும்பாலும் இருக்காது, போரடிக்கும். சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையில் தங்கினால் அதைப் புண்ணாக்கும் என்பதால் அன்றும் மறுநாளும் அடிக்கடி தண்ணீர் குடித்து, அடக்காமல் சிறுநீர் கழிக்க வேண்டும். ஒன்றிரண்டு நாள் சிறுநீர் செந்நிறமாகப் போகும். அந்தச் சிவப்பு மருந்தின் நிறம்தான், முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்துபோவார். மூன்றாம் நாளும் சிவந்தே போனால் எங்களைக் கூப்பிடுங்கள்.

அன்றே திரும்பலாமா என்றால், திரும்பலாம். ஆனால் மதுரையில் தங்க ஒரு வீடு இருந்தால் முதல் தடவை ஓர் இரவு தங்கிவிட்டுப் போங்கள் என்பேன். அந்த மருந்து உங்கள் ஆத்தாவுக்கு எப்படி ஒத்துக்கொள்கிறது என்பது அன்று ராத்திரிதான் தெரியும், அதை மேலூருக்கும் திருப்பத்தூருக்கும் நடுவே காரில் வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். இன்னொன்றும் இருக்கிறது. வெள்ளை அணுக்களை ஏற்றும் ஊசி எழுதியிருந்தால் அதைக் கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும். தங்கினால் மறுநாள் போட்டுக்கொண்டே கிளம்பலாம். கையில் வாங்கிப் போனால் ஐஸ் பையில் வைத்து எடுத்துப் போய் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வைத்தால் வீணாகிவிடும். ஊசி போட்ட ஒன்றிரண்டு நாள் இடுப்பும் முதுகும் எலும்புக்குள் வலிக்கும், பயப்பட வேண்டாம்.

மருந்து ஏறிய அன்று ஆத்தா தெம்பாக இருப்பார். 'இவ்வளவுதானா?' என்று உங்களையே கேட்பார். கூடவே கொடுக்கும் ஸ்டீராய்டு செய்கிற வேலை அது. அன்று ராத்திரி தூக்கம் வராது, இரண்டு மூன்று நாளைக்குச் சர்க்கரையும் ஏறும். குளுக்கோமீட்டர் வாங்கி வைத்து, எவ்வளவு ஏறினால் என்ன செய்வது என்று சர்க்கரை டாக்டரிடம் முன்னாலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். நீங்களாக மாத்திரையைக் கூட்ட வேண்டாம். மூன்றாம் நாள் ஸ்டீராய்டு இறங்கும்போது ஆளும் படுத்துவிடுவார். அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று நினைத்து அழுதுகொண்டு கூப்பிடுகிற மகள்கள் நிறைய. நாலைந்து நாளில் எழுந்துவிடுவார்.

வாந்தி மாத்திரைகளைக் குமட்டல் வந்தபின் அல்ல, எழுதிக் கொடுத்த நாள் வரைக்கும் வேளைக்கு வேளை கொடுக்க வேண்டும். அதில் ஓலான்சபின் என்று ஒன்று இருக்கலாம். இணையத்தில் தேடினால் மனநோய் மாத்திரை என்று வரும், உடனே நிறுத்திவிடுவார்கள். கீமோவின் குமட்டலுக்கு அது நல்ல மருந்து, ராத்திரி கொடுங்கள், தூக்கமும் வரும். ஆன்டான்செட்ரான் என்கிற இன்னொரு வாந்தி மருந்தால் மலச்சிக்கல் வரும், அதற்கும் ஏதாவது எழுதச் சொல்லி வாங்கி வாருங்கள்.

இனி வீடு. செட்டிநாட்டு வீட்டில் நோயாளியை வைத்துப் பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு: படுக்கை ஓர் இடத்தில், கழிவறை இரண்டாம் கட்டைத் தாண்டிக் கொல்லையில். நடுவில் வளவு என்கிற முற்றம், உயரமான நிலைப்படிகள், ஈரம் பட்டால் வழுக்கும் ஆத்தங்குடிக் கல். ஓலான்சபின் தூக்கத்தில் ராத்திரி எழுந்து போகிற 61 வயதுக்காரர் விழுந்தால் என்ன ஆகும்? கழிவறைக்குப் பக்கத்து அறையைக் காலி செய்து கட்டிலைப் போடுங்கள், வழியெல்லாம் ராத்திரி விளக்கு எரியட்டும். கழிவறையே கிட்டத்தில் இல்லையென்றால் ராத்திரிக்கு ஒரு கமோடு நாற்காலி வாங்கிவிடுங்கள்.

முதல் 48 மணி நேரம் சிறுநீர், மலம், வாந்தியில் மருந்தின் மிச்சம் இருக்கும். இரண்டு தடவை தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், துணியைத் தனியாகத் துவையுங்கள், சுத்தம் செய்கிறவர் கையுறை போடட்டும், கர்ப்பமாக இருக்கும் பெண்கள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம். அவ்வளவுதான். இதற்காகத் தனித் தட்டு, தனித் தம்ளர், பேரப்பிள்ளைகளைக் கிட்ட விடாமல் வைப்பது என்றெல்லாம் இறங்கிவிடாதீர்கள். இது ஒட்டுகிற நோய் இல்லை. மடியில் ஏறுகிற பேரனுக்குச் சளி இல்லையென்றால் ஏறட்டும்.

ஆனால் பூட்டிக் கிடக்கும் அறைகள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வருஷம் முழுக்கச் சாத்திக் கிடந்த அறையை முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ திறந்து தூசி தட்டுவது, வெளவால், புறா எச்சத்தைச் சுரண்டுவது, வெள்ளையடிப்பது எல்லாம் காற்றில் பூஞ்சைத் தூளைக் கிளப்பும். வெள்ளை அணு குறைந்தவருக்கு அது நுரையீரலில் போய் உட்காரும். கீமோ முடியும் வரை அவர் இருக்கிற வீட்டில் அந்த வேலை வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் ஆத்தாவை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் செய்யுங்கள்.

விசாரிக்க வருகிறவர்கள். நம் பக்கத்தில் விசாரிக்கப் போகாமல் இருப்பதுதான் குற்றம், போனவரைத் திருப்பி அனுப்புவது அதைவிடப் பெரிய குற்றம். அதனால் வர வேண்டாம் என்று சொல்லாதீர்கள், எப்போது வரலாம் என்று சொல்லுங்கள். 'டாக்டர் முதல் ரெண்டு வாரம் யாரையும் பாக்கக் கூடாதுன்னுட்டார், மூணாவது வாரம் வாங்க, ஆத்தாவும் உக்காந்து பேசுவாங்க' என்று எங்கள் மீது பழியைப் போடுங்கள், நாங்கள் அதற்குத்தான் இருக்கிறோம். மீறி வருகிறவர்கள் முகப்பில் உட்காரட்டும், காப்பி அங்கேயே வரட்டும், ஆத்தா தள்ளி உட்கார்ந்து ஐந்து நிமிஷம் பேசிவிட்டு எழுந்துவிடட்டும். சளி, இருமல், அம்மை கண்ட வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு முகப்பும் கிடையாது. அம்மை கண்ட பிள்ளையோடு ஆத்தா இருந்துவிட்டார் என்று தெரிந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொரு வகையினர் உண்டு, உட்கார்ந்ததும் 'எங்க ஓரகத்திக்கும் இதேதான் வந்துச்சு, பாவம்...' என்று ஆரம்பிப்பவர்கள். அவர்களை அப்பச்சியிடம் உட்கார வைத்துவிடுங்கள். பங்காளிகளில் நிதானமான ஒருவரைப் பிடித்து, எல்லோருக்கும் தகவல் சொல்லும் பொறுப்பைக் கொடுத்துவிட்டால் உங்கள் போன் கொஞ்சம் ஓயும்.

சாப்பாட்டில் பத்தியம் எதுவும் இல்லை. கறி கூடாது, முட்டை கூடாது, தித்திப்புத் தின்றால் கட்டி வளரும் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சர்க்கரை நோய்க்காகத் தித்திப்பைக் குறையுங்கள், கட்டிக்காக அல்ல. உடம்பு தேறப் புரதம் வேண்டும்: நன்றாக வெந்த முட்டை, மீன், கோழி, பருப்பு. வேண்டாதவை, ராத்திரி ஊறிய நீராகாரம், காய்ச்சாத பால், வெளியில் வெட்டி விற்கும் பழம், நேற்று வைத்த குழம்பு. போர் தண்ணீரோ ஊருணித் தண்ணீரோ, கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள். காரத்தைக் குறையுங்கள், நம் வீட்டு மிளகாய்க்கு அந்த வாய் தாங்காது. தாளிக்கிற வாசனையே சிலருக்குக் குமட்டும், சமையல் ஆறிய பிறகு கூப்பிட்டால் அதே சாப்பாடு இறங்கும். வாய்ப்புண் வருவதற்கு முன்பிருந்தே, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி ஆப்பச்சோடா கலந்து தினம் நாலைந்து தடவை கொப்பளிக்கச் சொல்லுங்கள், தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். பல் துலக்க மிருதுவான பிரஷ். சொத்தைப் பல் இருந்தால் வியாழனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நாட்டு மருந்து வேண்டாம். சித்த மருத்துவத்தின் மீது எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கீமோ மருந்துகள் கல்லீரல் வழியாகத்தான் மாறிக் கழிகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத லேகியம் அதே வழியில் குறுக்கே நின்றால், மருந்து கூடுதலாகத் தங்கலாம், வேலை செய்யாமலும் போகலாம். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவு ஏறினால் எதனால் ஏறியது என்று எங்களுக்கும் பிடிபடாது. ரசத்தில் போடும் மஞ்சளுக்கும் மிளகுக்கும் தடை இல்லை, மஞ்சள் மாத்திரை என்று டப்பாவில் வருவதுதான் கூடாது. பெரியாத்தாவிடம் 'கீமோ முடியட்டும், டாக்டரைக் கேட்டுத் தர்றோம்' என்று சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மனம் நோகாது. ரகசியமாக ஊட்டிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடி கொட்டும். இந்த மருந்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் கொட்டும், இரண்டாவது வாரத்திலிருந்து மூன்றாவது வாரத்துக்குள். அதற்கு முன்னால் மண்டைத்தோல் தொட்டால் வலிக்கும். நீளமான கூந்தல் என்றால் தலையணையில் கொத்துக் கொத்தாகப் பார்க்கும்வரை விடாமல், முதல் வாரத்திலேயே தோள் அளவுக்கு வெட்டிவிடுங்கள். பார்லருக்கு வேண்டாம், வீட்டில் நீங்களே வெட்டிவிடலாம். வெட்டிய முடியை என்ன செய்வது என்று ஆத்தாவையே கேளுங்கள், சிலர் அதைக் கோயிலுக்குப் போட வைத்துக்கொள்வார்கள். பருத்தித் துணியில் தலைக்கட்டு நாலைந்து தைத்து வையுங்கள். பூ வைக்க முடியாதே என்பதுதான் பலருக்கும் முடியைவிடப் பெரிய துக்கம். விக் வாங்குவதானால் முடி இருக்கும்போதே போய் நிறம் பொருத்தி வாங்குங்கள், அதில் பூவும் வைக்கலாம். மருந்து முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் முளைக்க ஆரம்பிக்கும்.

கல்யாணத்துக்குப் போகலாமா என்பது தேதியைப் பொறுத்தது. காலண்டரை எடுத்து, ஒவ்வொரு கீமோ நாளையும் ஒன்று என்று வைத்து எண்ணுங்கள். கல்யாணம் பதினாறாம் நாளுக்கு மேல் விழுந்தால் தாராளமாகப் போகட்டும். ஏழுக்கும் பதினாலுக்கும் நடுவில் விழுந்தால் கீமோவை ஒன்றிரண்டு நாள் நகர்த்த முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை, முடிவு அவருடையது. எப்படியானாலும் மாஸ்க் போட்டுக்கொண்டு, தாலி கட்டும் திருப்பூட்டு நேரத்துக்குப் போய், பார்த்து, ஆசீர்வதித்துவிட்டு வந்துவிடட்டும். பந்தியில் உட்கார வேண்டாம், வீட்டுக்கு வந்து சாப்பிடட்டும்.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, கீமோவும் அதில் வரும். வருமான வரம்பு இருக்கிறது, மருத்துவமனையும் அந்தத் திட்டத்தில் சேர்ந்ததாக இருக்க வேண்டும். அட்டை இருந்தால் புதன்கிழமையே காப்பீட்டு மேசையில் பேசுங்கள், முன் அனுமதி வர நேரமாகும். சிகிச்சைக்கு ரயிலில் சென்னை வரை போக வேண்டி வந்தால், நோயாளிக்கும் கூடப் போகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, மருத்துவமனையில் அதற்கான சான்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இரண்டாவது கீமோவுக்கு மதுரைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, 'ரத்த அளவு இன்னும் ஏறவில்லை, அடுத்த வாரம் வாருங்கள்' என்று சொல்லித் திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கும். அது தோல்வி இல்லை, மஜ்ஜைக்கு இன்னும் சில நாள் வேண்டும் என்று அர்த்தம். ஆனால் 90 கிலோமீட்டர் வீணாகப் போய் வருவது ஆத்தாவைச் சோர்த்துவிடும். அதனால் ரத்தப் பரிசோதனையை முந்தின நாள் காரைக்குடியிலேயே எடுத்து, முடிவை வாட்ஸ்அப்பில் வார்டுக்கு அனுப்பி, வரச் சொன்ன பிறகு கிளம்பலாமா என்று வியாழக்கிழமையே கேட்டுவிடுங்கள்.